ஹோம் கேர் நேரக் கணக்குத் தணிக்கை: வீட்டிலிருந்து இந்த வேலையைத் தொடங்குபவர்களுக்கு

காலை 8:02-க்கு கிளாக்-இன், அதாவது வேலைக்கு வந்த நேரம், பதிவாகியிருக்கிறது. கிளம்பிய நேரமான கிளாக்-அவுட் இல்லை. மறுநாள் காலை நீங்கள் கணினியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது இப்படி ஒரு வரியாகத்தான் இருக்கும். நியூயார்க்கில் ஏதோ ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துவிட்டுக் கிளம்பிய ஒரு பெண்ணின் அரை நாள் உழைப்பு அந்த வரியில் இருக்கிறது. அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்பது தெரியாத வரை அந்த விசிட்டுக்கு, அவரை அனுப்பிய ஏஜென்சி பில் போட முடியாது. சம்பளக் கணக்கும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தைக் கண்டுபிடித்து, ஆதாரத்தோடு பதிவு செய்வதுதான் நம் வேலை.

நான் சென்னையில் சில வருடங்கள் மெடிக்கல் பில்லிங்கில் இருந்தேன். நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு இந்த வேலையில் சேர்ந்தேன். பில்லிங் தெரிந்தவர்களுக்கு இது சுலபம் என்று நினைத்தேன். கணக்கு சுலபம்தான். ஆட்களிடம் பேசி உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். புதிதாக வருபவர்களுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த வேலை ஏன் இருக்கிறது

அமெரிக்காவில் வருமானம் குறைந்த முதியவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பராமரிக்கும் செலவில் பெரும்பங்கை மெடிக்கெய்ட் என்ற அரசுத் திட்டம் ஏற்கிறது. போகாத வீட்டுக்குப் போனதாக பில் போட்ட கதைகள் பல வருடங்களாக வந்துகொண்டிருந்தன. 2016 டிசம்பரில் கையெழுத்தான 21-ஆம் நூற்றாண்டு க்யூர்ஸ் சட்டம், ஒவ்வொரு விசிட்டையும் மின்னணு முறையில் சரிபார்க்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு விதித்தது. இதைத்தான் எல்லோரும் ஈவிவி (எலக்ட்ரானிக் விசிட் வெரிஃபிகேஷன்) என்கிறார்கள். குளிப்பாட்டுவது, உடுத்துவிடுவது போன்ற தனிநபர் பராமரிப்புக்கு முதலில் 2019 என்று கெடு வைத்து, பிறகு 2020 ஜனவரிக்குத் தள்ளினார்கள். நர்ஸ், தெரபிஸ்ட் போன்றவர்கள் வீட்டுக்கு வந்து தரும் ஹோம் ஹெல்த் சேவைக்கு 2023 ஜனவரி.

சட்டம் கேட்பது ஆறு விவரங்கள்: என்ன சேவை, யாருக்கு, எந்தத் தேதி, எந்த இடம், யார் செய்தார், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. இந்த ஆறையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கப்போகும் ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் இந்த ஆறில் ஏதோ ஒன்று விடுபட்டதாலோ மற்றவற்றோடு ஒத்துப்போகாததாலோ வருவதுதான்.

பதிவு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பராமரிப்பாளர் பெரும்பாலும் மூன்று வழிகளில் கிளாக் செய்வார். கைப்பேசி ஆப்பில் செய்யலாம். அப்போது ஜிபிஎஸ் இடமும் பதிவாகும். நோயாளி வீட்டு லேண்ட்லைனிலிருந்து ஒரு எண்ணுக்கு அழைத்து, தன் ஐடியையும் செய்த வேலைகளின் எண்களையும் அழுத்தலாம். அல்லது வீட்டிலேயே பொருத்தி வைத்த சின்னக் கருவி அந்த நொடிக்குரிய எண்ணைக் காட்டும், அதைக் குறித்துக்கொண்டு பிறகு பதியலாம்.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோளாறு உண்டு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பக்கத்துத் தெருவைக் காட்டும். அடித்தளத்து வீட்டில் சிக்னல் இருக்காது. ஆப் ஆஃப்லைனில் பதிவை வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும். அதனால் பதிவு வந்து சேர்ந்த நேரத்தையும் கிளாக் செய்த நேரத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நோயாளியின் மகன் லேண்ட்லைன் இணைப்பை மாற்றியிருப்பார், அமைப்பில் பழைய எண்ணே இருக்கும். சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் ஏஜென்சியின் ஆப்பில் பராமரிப்பாளர் பார்க்கும் திரை எப்படி இருக்கும் என்று காட்டச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்கவே ஆறு மாதமாகிவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்த மறப்பார்கள் என்பது பார்த்த பிறகுதான் புரிந்தது.

காலை வேலை: விடுபட்டவற்றைப் பார்ப்பது

ஷெட்யூல், அந்த நோயாளிக்கு மெடிக்கெய்ட் அனுமதித்த மணிநேரம், கிளாக் பதிவு ஆகிய மூன்றையும் கணினி ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தனிப் பட்டியலாகத் தரும். கிளாக்-அவுட் இல்லாதது, ஷெட்யூலே இல்லாமல் வந்த விசிட், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் இருப்பது, இடம் பொருந்தாதது, அனுமதித்த நேரத்தைத் தாண்டியது என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

மேலிருந்து கீழாகப் போகாதீர்கள். முதலில், யாருமே போகாமல் விட்ட விசிட் இருக்கிறதா என்று பாருங்கள். கிளாக்-இன்னே இல்லாத வீட்டில் ஒருவர் படுக்கையிலிருந்து எழ முடியாமல் காத்துக்கொண்டிருக்கக்கூடும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் உடனே கோஆர்டினேட்டரை, அதாவது வீடுகளுக்கு ஆள் அனுப்புவதைக் கவனிப்பவரை, போனில் கூப்பிடுங்கள், மெசேஜ் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். தணிக்கையாளர் வேலை அது இல்லை என்று சிலர் சொல்வார்கள். அந்தத் திரையை அந்த நிமிடத்தில் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தானே. அடுத்து, இந்த வாரச் சம்பளக் கெடுவுக்குள் வருபவை. அப்புறம் மற்றவை.

கேட்கும் விதம்

கிளாக்-அவுட் விடுபட்ட பராமரிப்பாளரைக் கூப்பிடுகிறீர்கள். ஷெட்யூலில் 12 மணி என்று இருக்கிறது. “12 மணிக்குத்தானே கிளம்பினீங்க?” என்ற பொருளில் கேட்டால், “ஆமாம்” என்றுதான் பதில் வரும். வேலையின் நடுவில் பேருந்தில் போய்க்கொண்டிருப்பவர், அலுவலகத்திலிருந்து போன் வந்த பதற்றம், அப்புறம் ஆங்கிலம் இரண்டாவது மொழி. நீங்கள் என்ன சொன்னாலும் ஒத்துக்கொண்டு போனை வைக்கத்தான் பார்ப்பார்.

எனவே நேரத்தை நீங்கள் சொல்லாதீர்கள். “செவ்வாய்க்கிழமை அந்த வீட்டிலிருந்து எப்போது கிளம்பினீர்கள்? கிளம்புவதற்கு முன் கடைசியாக என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். கடைசியாகச் செய்த வேலையைக் கேட்டால் நினைவு தானாக வரும். “மதியச் சாப்பாடு கொடுத்தேன், அவருடைய மகள் வந்துவிட்டார், அவர் வந்ததும் கிளம்பினேன்” என்பார். இப்போது உங்களுக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது. மகளைக் கூப்பிட்டு, அவரிடமும் நேரத்தைச் சொல்லாமல், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார் என்று கேளுங்கள். 11:40 என்று அவர் சொன்னால், 11:40 தான் பதிவாக வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்களில் ஸ்பானிஷ், ஹெய்ட்டி கிரியோல், சீன மொழி பேசுபவர்கள் நிறையப் பேர். மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் லைனைக் கேளுங்கள். அரைகுறையாகப் புரிந்துகொண்டு எழுதும் குறிப்பு ஒருவருடைய சம்பளத்தைத் தின்றுவிடும்.

திருத்தத்தைப் பதியும்போது, மாநிலம் கொடுத்த காரணக் குறியீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழே குறிப்பு எழுத வேண்டும். “நேரம் சரிசெய்யப்பட்டது” என்று மட்டும் எழுதினால் பயனில்லை. யாரிடம், எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், யார் உறுதி செய்தார், எந்த நேரத்தை எந்த நேரமாக மாற்றினீர்கள், இவை எல்லாம் இருக்க வேண்டும். உதாரணமாக: “ஆப் உறைந்ததால் கிளாக்-அவுட் விடுபட்டது. பராமரிப்பாளரிடம் 14-ஆம் தேதி காலை 9:20-க்குப் பேசினேன். 11:40-க்குக் கிளம்பியதாகச் சொன்னார். நோயாளியின் மகள் 9:35-க்கு உறுதி செய்தார். கிளாக்-அவுட் 11:40 என்று சேர்த்தேன்.” இரண்டு வருடம் கழித்து, உங்களை அறியாத ஒருவர் படித்தாலும் புரிய வேண்டும். பழைய பதிவு அழியக் கூடாது. மாற்றியவர் பெயரும் நேரமும் கணினியில் தானாக நிற்கும், அதனால் உங்கள் லாகினை யாருக்கும் தராதீர்கள்.

ஷெட்யூலுக்குப் பொருத்தமாக நேரத்தை மாற்றச் சொல்லி அழுத்தம் வரும், அது எல்லா ஏஜென்சியிலும் எப்போதாவது வரும். நேரத்தைக் கூட்டினால் அரசுக்குப் பொய் பில். குறைத்தால் உழைத்தவரின் கூலியைப் பறிப்பது. இரண்டுமே சட்டப்படி குற்றச்சாட்டாகக்கூடியவை, திருத்தியவர் பெயர் உங்களுடையதாக இருக்கும். அப்படி யாராவது சொன்னால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். நிற்காவிட்டால், ஏஜென்சி சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் போங்கள்.

பில் நேரம் வேறு, சம்பள நேரம் வேறு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மெடிக்கெய்ட் பெரும்பாலும் 15 நிமிடத்தை ஒரு யூனிட்டாக எண்ணும். தனிநபர் பராமரிப்புக்கான டி1019 என்ற குறியீடே 15 நிமிட யூனிட்தான். 8:02 முதல் 11:56 வரை என்றால் 234 நிமிடம். அதில் 15 முழு யூனிட் போக 9 நிமிடம் மிஞ்சும். அந்த 9 நிமிடத்தை மேலே தூக்குவதா, விட்டுவிடுவதா என்பது மாநிலத்தின் விதி. அந்த விதியைக் கையேட்டிலிருந்து படியுங்கள், பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

சம்பளத்தை ஆள்வது வேறு சட்டம். 2015-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் தொழிலாளர் துறை விதியின்படி, ஏஜென்சி வழியாக வேலை செய்யும் வீட்டுப் பராமரிப்பாளர்களுக்கும் குறைந்தபட்சக் கூலியும், வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைமும் உண்டு. 2025-இல் இந்த விதியைத் திரும்பப் பெற அதே துறை முன்மொழிந்தது. எனவே இன்றைய நிலையை உங்கள் பேரோல் (சம்பளப்) பிரிவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பல மாநிலங்களுக்குச் சொந்தக் கூலிச் சட்டமும் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பராமரிப்பாளர் ஐந்து நாளும் காலை 8 முதல் 12 வரை ஒரு வீட்டிலும், 12:40 முதல் 4:40 வரை இன்னொரு வீட்டிலும் வேலை செய்கிறார். விசிட் நேரம் சரியாக 40 மணி, அதாவது 160 யூனிட். ஓவர்டைம் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நேராகப் போகும் 40 நிமிடமும் வேலை நேரம். ஐந்து நாளில் அது 3 மணி 20 நிமிடம். மணிக்கு 18 டாலர் என்றால், 40 மணிக்கு 720 டாலர், ஓவர்டைமுக்கு 27 டாலர் வீதம் 90 டாலர், மொத்தம் 810. பில்லில் இந்த 3 மணி 20 நிமிடம் எங்குமே தெரியாது. விசிட் பதிவை மட்டும் சம்பளத்துக்கு அனுப்பும் ஏஜென்சியில் வாரம் 90 டாலர் அந்தப் பெண்ணின் கைக்கு வராமலே போகும். காலையில் தன் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போவதும், மாலையில் வீடு திரும்புவதும் சாதாரணமாக இதில் சேராது. நடுவில் சொந்த வேலைக்குப் போனால் அந்த நேரமும் சேராது.

அதேபோல, அனுமதித்த 4 மணிநேரத்துக்கு மேல் 30 நிமிடம் இருந்துவிட்டார் என்றால், அந்த 30 நிமிடத்துக்கு பில் போட முடியாமல் போகலாம், ஆனால் உழைத்ததற்குக் கூலி கொடுத்தாக வேண்டும். “அனுமதி இல்லாமல் இருந்தார், அதனால் வெட்டிவிட்டோம்” என்ற குறிப்பைப் பார்த்தால் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று: அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3-க்குத் தாவும். நவம்பர் முதல் ஞாயிறு 2 மணி மறுபடியும் 1 ஆகும். சனி இரவு 11 முதல் ஞாயிறு காலை 7 வரை வேலை பார்த்தவர் மார்ச்சில் 7 மணிநேரமும் நவம்பரில் 9 மணிநேரமும் உழைத்திருப்பார். கணினி இரண்டுக்கும் 8 என்று போட்டிருக்கிறதா என்று வருடம் இரண்டு முறை கையால் பார்ப்பது என் வழக்கம். அரிசோனாவின் பெரும்பகுதியில் இந்த மாற்றமே கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மாநிலத்துக்கு மாநிலம்

டெக்சாஸில் விசிட் நடந்த நாளிலிருந்து 95 நாளுக்குள் பதிவைச் சரிசெய்து முடிக்க வேண்டும். நியூயார்க்கில் 24 மணிநேர ஷிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. தூங்க 8 மணியும், அதில் 5 மணி தடையில்லாத தூக்கமும், சாப்பிட 3 மணியும் உண்மையில் கிடைத்திருந்தால் 13 மணிநேரத்துக்குச் சம்பளம் கொடுத்தால் போதும் என்பதை அம்மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் ஏற்றுக்கொண்டது. தணிக்கையாளருக்கு இதில் இருக்கும் சேதி ஒன்றுதான்: இரவில் நோயாளி எத்தனை முறை எழுப்பினார் என்ற பதிவு இருக்கிறதா? அது இல்லையென்றால் 13 என்ற எண்ணுக்கு அடிப்படை இல்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்து பராமரிப்பவர்களுக்குச் சில மாநிலங்களில் ஈவிவி விலக்கு உண்டு. வேலையில் சேரும்போது உங்கள் மாநிலத்தின் விதிப் புத்தகத்தை முழுவதும் படிக்க இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

தரத் தணிக்கை: தனி வரியிலிருந்து மாதிரிக்கு

தினசரித் திருத்தம் பழகிய பிறகு, மாதாந்திரத் தணிக்கை வரும். சில விசிட்டுகளைத் தேர்ந்தெடுத்து, கிளாக் பதிவு, ஷெட்யூல், மருத்துவர் அல்லது நர்ஸ் வகுத்த பராமரிப்புத் திட்டம், செய்த வேலைகளின் குறிப்பு, பில், சம்பளம் ஆகியவற்றை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பது. கையால் திருத்திய பதிவுகளை அதிகம் எடுங்கள். தப்பு அங்கேதான் சேர்ந்து கிடக்கும்.

ஒருவருடைய எல்லா விசிட்டும் நிமிடம் பிசகாமல் 8:00 முதல் 12:00 என்று இருந்தால் சந்தேகப்படலாம், மனிதர்கள் அப்படி வருவதில்லை. நோயாளி மருத்துவமனையில் சேர்ந்திருந்த நாட்களில் விசிட் பில் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சேர்ந்த நாளன்று காலையில் பராமரிப்பாளர் உண்மையிலேயே வந்து, அவர்தான் ஆம்புலன்ஸையே அழைத்திருக்கலாம். எனவே தேதியோடு நிற்காமல் மணியையும் பாருங்கள்.

நான் முன்பு வேலை செய்த ஒரு ஏஜென்சியில் ஒரு பராமரிப்பாளரின் கிளாக்-அவுட் செவ்வாய், வியாழன், சனி மட்டும் நோயாளி வீட்டிலிருந்து நான்கு மைல் தள்ளிப் பதிவாகிக்கொண்டிருந்தது. சீக்கிரம் கிளம்பிவிடுகிறார் என்று முடிவு செய்து எச்சரிக்கைக் கடிதமே தயாராகிவிட்டது. கிழமைகளைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. வாரம் மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள்: டயாலிசிஸ். வரைபடத்தில் அந்தப் புள்ளியை வைத்துப் பார்த்தால் டயாலிசிஸ் மையம். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, அங்கேயே வேலையை முடித்துக்கொண்டிருந்தார் அவர். துணைக்குப் போவது பராமரிப்புத் திட்டத்திலும் இருந்தது. அமைப்பில் அந்த இடத்தைச் சேர்த்ததோடு சிக்கல் முடிந்தது. கடிதம் போகவில்லை. அந்த வாரம் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

உண்மையான மோசடியும் நடக்கும். அப்படித் தெரிந்தால் அறிக்கையில் “மோசடி” என்ற சொல்லை எழுதாதீர்கள். என்ன பதிவு, என்ன முரண், யார் என்ன சொன்னார் என்று மட்டும் எழுதிக் கம்ப்ளையன்ஸிடம் கொடுங்கள். முடிவு செய்வது அவர்கள் பொறுப்பு. அதிகமாக வாங்கிய மெடிக்கெய்ட் பணத்தைக் கண்டறிந்த பின் 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்தியச் சட்டம் இருப்பதால், கையில் வைத்துக்கொண்டு தாமதிக்கவும் கூடாது.

வீட்டை அலுவலகமாக்குவது

நோயாளியின் பெயர், முகவரி, நோய் எல்லாம் உங்கள் திரையில் ஓடும். 1996-இல் வந்த ஹிப்பா சட்டம் அதைக் காக்கச் சொல்கிறது. கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, அலுவலகம் கொடுத்த கணினி, ஹெட்செட், அவ்வளவு போதும். சமையலறை மேசை வேண்டாம். சந்தேகம் கேட்க ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தோழிக்குக்கூட. நீங்கள் கூப்பிடும்போது மறுமுனையில் இருப்பவர் யார் என்று உறுதி செய்த பிறகே நோயாளி பெயரைச் சொல்லுங்கள். நம் வீடுகளில் விருந்தாளி வந்தால் அறைக்குள் எட்டிப் பார்ப்பது சகஜம், அதனால் எழுந்து போகும்போதெல்லாம் திரையைப் பூட்டும் பழக்கம் வேண்டும்.

வேலை தேடுவது

விளம்பரத்தில் “தணிக்கையாளர்” என்ற சொல்லே இருக்காமல் போகலாம். ஈவிவி ஸ்பெஷலிஸ்ட், டைம் அண்ட் அட்டெண்டன்ஸ் கோஆர்டினேட்டர், விசிட் வெரிஃபிகேஷன், பேரோல் ஆடிட்டர் என்றெல்லாம் தேடுங்கள். எக்சலில் பிவட் டேபிளும் இரண்டு பட்டியலை ஒப்பிடும் லுக்அப்பும் வர வேண்டும். எச்எச்ஏஎக்ஸ்சேஞ்ச், சாண்டேட்டா போன்ற மென்பொருள்களின் பெயர் விளம்பரங்களில் அடிக்கடி வரும், முன்பே பழகியிருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சில வாரங்களில் பிடிபடும். அமெரிக்காவில், வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள், வேலை அனுமதி அட்டை கையில் வராமல் சம்பள வேலையைத் தொடங்க வேண்டாம், வீட்டிலிருந்து செய்தாலும் அது வேலைதான். சென்னை, கோவையிலிருந்து செய்ய விரும்புபவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சில மாநிலங்களின் மெடிக்கெய்ட் ஒப்பந்தங்கள் நோயாளி விவரம் அமெரிக்காவுக்கு வெளியே போவதையே தடுக்கின்றன. எந்த மாநிலக் கணக்கு, அதற்கு வெளிநாட்டு அனுமதி இருக்கிறதா என்று நேர்காணலிலேயே கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சிக்கு, மடிக்கணினிக்கு என்று முன்பணம் கேட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சேர்ந்த முதல் திங்கட்கிழமை மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: காரணக் குறியீடுகளின் பட்டியல், சம்பளக் கெடு எந்தக் கிழமை எத்தனை மணி என்பது, அப்புறம் விடுபட்ட விசிட் கண்ணில் பட்டால் கூப்பிட வேண்டிய கோஆர்டினேட்டரின் நேரடி எண். மூன்றாவதை முதலில் கேளுங்கள்.